வழியில் நிற்க வேண்டாம்

இந்த ஊர்த் தண்ணீரில் டீ நன்றாக வராது. நீங்கள் வாங்கிக் கொடுத்த டீயைக் குறை சொல்லவில்லை இன்ஸ்பெக்டர் மேடம். கும்மிடிப்பூண்டியில் எந்தக் கடையில் குடித்தாலும் இப்படித்தான், அடிநாக்கில் ஒரு உப்பு நிற்கும். நான் பழவேற்காட்டுக்காரி, உப்புத் தண்ணீர் எனக்குப் புதிதில்லை. ஆனால் அங்கே கண்ணெதிரே கடல் இருக்கிறது, உப்பு வந்தால் நியாயம். இங்கே கடலும் கிடையாது, காற்றும் கிடையாது, போர் போட்டால் உப்பு மட்டும் வருகிறது. எதைக் காய்ச்சினாலும் பாத்திரத்தின் அடியில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாகப் படிந்துவிடும்.

அஸ்கர் அலி எப்படிச் செத்தார் என்று கேட்டால் இவள் தண்ணீர்க் கதை சொல்கிறாளே என்று ஏட்டம்மா என்னை நிமிர்ந்து பார்க்கிறார். அந்தக் கதையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன் செல்வியம்மா. நீங்கள் பாட்டுக்கு எழுதுங்கள். புரியாத இடத்தில் நிறுத்திக் கேளுங்கள், பொறுமையாகச் சொல்கிறேன். வண்டிக்காரர்களுக்குச் சொல்லிச் சொல்லிப் பழக்கம்தான்.

என் பெயர் கமர் நிஷா. சிப்காட் வாசலுக்கு எதிரே லாரி ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் கிஃபாயத்துல்லா என் அண்ணன். அண்ணனை நாங்கள் காக்கா என்போம், அக்காவை லாத்தா என்போம். நான் சென்னையில் பெண்கள் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்தவள். கல்யாணமான கொஞ்ச நாளிலேயே என் வீட்டுக்காரர் காய்ச்சலில் மவுத்தாகிவிட்டார். பிள்ளை குட்டி கிடையாது. போன மாதிரியே காக்கா வீட்டுக்குத் திரும்பி வந்தேன். அந்தச் சமயத்தில்தான் லாரிகளுக்குள் கம்ப்யூட்டர் வர ஆரம்பித்தது. வண்டிக்கு என்ன கோளாறு என்று தெரிய வேண்டுமானால் லேப்டாப்பை இணைத்து இங்கிலீஷில் படிக்க வேண்டும். காக்காவுக்கு ஸ்பேனர் பிடிக்கத் தெரியும், இங்கிலீஷ் வராது. எனக்கு வரும். ஆனால் வீட்டுப் பெண் போய் டிரைவர்கள் நடுவில் நிற்பதாவது.

அதற்கும் காக்கா ஒரு வழி கண்டுபிடித்தார். ஆபீஸ் ரூம் ஜன்னல் கம்பி வழியாக நீளமாக ஒரு வயரை வெளியே விட்டார். வண்டியை ஜன்னலோரம் கொண்டுவந்து நிறுத்துவார்கள். எங்கள் மெக்கானிக் ராபின் அந்த வயரை எடுத்து வண்டியில் சொருகுவான். நான் உள்ளே பாயில் உட்கார்ந்தபடி லேப்டாப்பைப் பார்த்துச் சொல்வேன். சொன்னதை அவன் செய்வான். இத்தனை வருஷத்தில் ஒரு வண்டியைக்கூட நான் கையால் தொட்டதில்லை. டிரைவர்கள் எனக்கு ஜன்னலக்கா என்றே பெயர் வைத்துவிட்டார்கள். "ஜன்னலக்கா இன்னா சொல்லிச்சு?" என்று கேட்பார்களே தவிர, காக்கா என்ன சொன்னார் என்று ஒருத்தரும் கேட்கமாட்டார்கள். காக்காவுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

கம்ப்யூட்டர் காட்டுவதை யாரும் படித்துவிடலாம். எது பொய் என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. தெருச் சண்டையில் கத்துகிறவன் ஒருவனாக இருப்பான், அடித்தவன் வேறு ஒருவனாக இருப்பான். வண்டியும் அப்படித்தான். பம்ப் கெட்டுவிட்டது என்று காட்டும், போய்ப் பார்த்தால் ஒரு வயர் அறுந்திருக்கும். நான் எடுத்த எடுப்பில் எதையும் நம்பமாட்டேன். என் தங்கை சொன்னதையும் நம்பவில்லை.

ஃபிர்தௌஸ் என்னைவிட மிகவும் சின்னவள். உம்மா சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிட்டதால் நான்தான் அவளுக்குத் தலைவாரி, சோறூட்டி வளர்த்தேன். அஸ்கர் அலிக்குச் சொந்தமாக லாரி இருந்தது, பார்க்கவும் லட்சணமாக இருந்தார். நல்ல இடம் என்று காக்காதான் முடித்து வைத்தார். முதல் நோன்புப் பெருநாளுக்கு அவள் வீட்டுக்கு வந்தபோது காதோரம் கன்றிப் போயிருந்தது. கதவில் இடித்துக்கொண்டேன் என்றாள். அடுத்த தடவை மணிக்கட்டு. அதற்கும் ஒரு கதவு. பெரியவர்களிடம் சொன்னேன். அடிக்கிற கைதான் அணைக்கும் என்றார்கள். அணைத்ததற்கு அடையாளமாக ஒரு பெண் குழந்தையும் பிறந்தது. அஃப்ஸானா.

2007 மழைக்காலத்தில் ஃபிர்தௌஸ் தீயில் வெந்தாள். கேஸ் அடுப்பு இருக்கிற வீட்டில் மண்ணெண்ணெய் ஸ்டவ் வெடித்தது என்றார்கள். சென்னை ஆஸ்பத்திரியில் வாழையிலையில் படுக்க வைத்திருந்தார்கள். மாஜிஸ்திரேட் வந்து கேட்டதற்கு ஸ்டவ் என்றாள். நான் காதருகில் குனிந்து கேட்டேன்.

"ஸ்டவ்வுதான் லாத்தா. புள்ளைய பாத்துக்கோ" என்றாள்.

அன்றைக்கு அஸ்கர் அலி நெல்லூர் லோடில் இருந்தார், வீட்டிலேயே இல்லை என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். இருக்கட்டும். ஒருத்தியைக் கொல்ல வேண்டுமானால் பக்கத்திலேயே நின்று கையால்தான் கொல்ல வேண்டும் என்று இல்லையே. அது எனக்கு அன்றைக்கே தெரிந்தது.

இரண்டு வீட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசி முடித்தார்கள். போலீஸ் கேஸ் வேண்டாம். பிள்ளை வாப்பாவிடம் வளரட்டும், பெருநாளுக்குப் பெருநாள் அம்மா வீட்டுக்கு வந்து போகட்டும். பிள்ளையை எனக்குக் கொடுங்கள் என்று நான் கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டேன். புருஷன் இல்லாத வீட்டில் பெண்பிள்ளை எப்படி வளரும் என்றார் ஒருவர். காக்கா அப்புறம் என்னிடம், "போனவ போயிட்டா. இருக்கறவங்க ஊட்டுக்கு உல வெக்கணும். அஸ்கரு வண்டியெல்லாம் நம்ம பட்டறைக்குத்தான வருது" என்றார். ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பார்கள். வயிறு எரிந்துகொண்டிருப்பவளிடம் கஞ்சி ஆறிப்போனதைச் சொல்லி என்ன பிரயோஜனம் மேடம். எனக்கு அந்த ஆள் சாக வேண்டும். அவ்வளவுதான். இதை நான் ஒளிக்கவில்லை.

ஆனால் சத்தம் போடவில்லை. அவர் வண்டிகள் வந்தன, பார்த்துக் கொடுத்தேன். மாப்பிள்ளை என்று மரியாதையாகவே கூப்பிட்டேன். அவரும் லாத்தா, லாத்தா என்று ஜன்னலோரம் வந்து நிற்பார். அஃப்ஸானாவுக்கு லாரி என்றால் உயிர். பள்ளிக்கூடம் லீவு விட்டால் அவரோடு கேபினில் ஏறிக்கொள்வாள். வண்டி என் ஜன்னலுக்கு வருகிற நாளில்தான் எனக்கு அவள் முகம் பார்க்கக் கிடைக்கும். கம்பி வழியாக பிஸ்கட் நீட்டுவேன். பெருநாளைவிட அவர் வண்டி பழுதாகும் நாளுக்காக நான் காத்திருந்தேன்.

போன வருஷம் அவர் ஒரு வெளிநாட்டு வண்டி வாங்கினார். காட்டுப்பள்ளிப் பக்கம் ஏதோ வேலைக்கென்று கப்பலில் இறக்கிய இழுவை வண்டி. வேலை முடிந்ததும் ஒப்பந்தக்காரர் அதை இங்கேயே தள்ளிவிட்டுப் போய்விட்டார். ராட்சச வண்டி. இங்குள்ள வண்டிகளில் இல்லாத ஒரு சமாச்சாரம் அதில் உண்டு. புகையிலுள்ள விஷத்தை முறிக்க, சைலன்ஸருக்குள் ஒரு சின்ன நாசில் வழியாக யூரியா கலந்த தண்ணீரைப் பனி மாதிரி தூவும். டீசலுக்கு ஒரு தொட்டி, இதற்கு ஒரு தொட்டி. அதற்கென்றே சுத்தமாகத் தயாரித்த திரவம் வேண்டும். இங்கே அது எங்கேயும் கிடைக்காது, பம்பாயிலிருந்து வரவழைக்க வேண்டும். அஸ்கர் அலி வரவழைப்பாரா? பள்ளிப்பட்டில் தெரிந்த ஆளிடம் வயலுக்குப் போடும் யூரியா வாங்கி, எங்கள் ஊர் போர்த் தண்ணீரில் கரைத்து ஊற்றிவிட்டார்.

"இன்னா லாத்தா, நெல்லுக்குப் போடுறதும் யூரியாதான், இதுவும் யூரியாதான். புகைக்கு இன்னா ருசியா தெரியப் போவுது?" என்றார்.

கெட்டில் அடியில் படிகிறதே, அதேதான் நாசிலிலும் படிந்தது. முதல் தடவை தச்சூர் கூட்டுரோட்டில் டீ குடிக்க நிறுத்தியவர் மறுபடி எடுத்தால் வண்டி நத்தையாக நகர்ந்திருக்கிறது. கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். பம்ப் போய்விட்டது என்று கம்ப்யூட்டர் கத்தியது. நான் நம்பவில்லை, நாசிலைக் கழற்றிப் பார் என்று ராபினிடம் சொன்னேன். கழற்றினால் உள்ளே வெள்ளைக் கல். வெந்நீரில் ஊறப்போட்டதும் கரைந்துவிட்டது. வண்டி ஜம்மென்று கிளம்பியது. அன்றைக்கு அவருக்கு எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். போர்த் தண்ணீர் ஊற்றாதீர்கள், ஊற்றினால் மறுபடி அடைக்கும் என்றேன். சிரித்தார். மறுபடி ஊற்றினார். மறுபடி அடைத்தது. அதைச் சுத்தம் செய்வது எங்களுக்கு வாடிக்கையாகிவிட்டது.

இதில் ஒரு விஷயத்தை நீங்கள் நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். நாசில் அடைத்துத் தூவுவது நின்றுபோனால், அந்த வண்டியின் கம்ப்யூட்டர் முதலில் ஒரு மஞ்சள் விளக்கைக் காட்டும். கவனிக்காவிட்டால் இன்ஜினின் பலத்தைப் பாதியாகக் குறைத்துவிடும். ஆனால் ஓடுகிற வண்டியில் குறைக்காது. ஓடும்போது திடீரென்று பலம் போனால் யாருக்காவது ஆபத்து என்று அதைச் செய்த வெள்ளைக்காரன் யோசித்திருக்கிறான். வண்டி ஒரு தடவை முழுசாக நிற்கும்வரை காத்திருக்கும். நின்ற பிறகு பிடுங்கிக்கொள்ளும். நல்ல மனசு. எனக்கு அந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்திருந்தது. அடிக்கடி அதையே நினைத்துக்கொண்டிருப்பேன்.

அஸ்கர் அலி ரயிலோடு போட்டி போடுகிற ஆள் என்பது உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டீர்கள். அவர் வண்டியில் எப்போதும் அளவுக்கு மீறிய பாரம் இருக்கும். ஹைவேயில் போனால் பிடித்து எடை போடுவார்கள். அதனால் சிப்காட்டுக்குப் பின்னால் ஏரிக்கரையோரமாகப் போகும் மண்ரோட்டில் போவார். அந்த ரோடு, நிலக்கரி ஏற்றிவரும் கரி ரயில் ஓடும் தண்டவாளத்தை ஓரிடத்தில் கடக்கிறது. கேட் இல்லை, ஆளும் இல்லை. தண்டவாளம் மேட்டில் இருக்கும், வண்டி ஏறி இறங்க வேண்டும். அங்கே நிறுத்தி, ரயில் தூரத்தில் வந்தால் அது வருவதற்குள் ஒரே மூச்சில் ஏற்றிவிடுவாராம். வழி நெடுக வேறெங்கும் நிற்க வேண்டிய அவசியமே இல்லை. இதை எனக்குச் சொன்னது அஃப்ஸானா.

"வாப்பா சர்ருனு ஏத்திடுவாரு பெரிம்மா. ரயிலு நமக்குப் பின்னால போவும். நானு கை தட்டுவேன்" என்றாள். வாயெல்லாம் பிஸ்கட் தூள்.

கைக்குட்டையால் அவள் வாயைத் துடைத்துவிட்டேன். அந்த மேட்டில் ஏற்ற எந்த கியர் போடுவார், முன்னால் போய்ப் பார்ப்பாரா என்றெல்லாம் கேட்டேன். பெரியம்மாவுக்கு லாரிமேல் ஆசை என்று நினைத்துக்கொண்டு, கையை ஆட்டி ஆட்டி எல்லாம் செய்து காட்டினாள். அதற்கப்புறம் நான் அவசரப்படவில்லை. வண்டி தானாக வரும். அவருடைய கஞ்சத்தனமும் எங்கள் ஊர்த் தண்ணீரும் இருக்கும்போது நான் எதற்கு அலட்டிக்கொள்ள வேண்டும்.

வந்தது. நீங்கள் கேட்கிற அந்தச் சனிக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம். மில்லில் இரும்பு பாரம் ஏற்றியாகிவிட்டது, காட்டுப்பள்ளியில் கப்பல் கட்டுகிற இடத்துக்கு அன்றைக்கே போய்ச் சேர வேண்டும். கிளம்பும்போதே மஞ்சள் விளக்கு வந்துவிட்டதால் நேராக என்னிடம் கொண்டுவந்தார். காக்கா ஊரில் இல்லை. ராபின் வயரைச் சொருகினான், நான் பார்த்தேன். தூவும் அழுத்தம் சுத்தமாக இல்லை. ராபினே நாசிலைக் கழற்றிப் பார்த்துவிட்டு ஜன்னலுக்கு வந்தான்.

"அக்கா, ஃபுல்லா அடைச்சிக்கினு கீது. வெந்நில போட்டு எடுத்தா டீ குடிக்கறதுக்குள்ள ரெடி பண்ணிடலாம்."

"வேணாம் ராபின். திருப்பி மாட்டிடு. சென்சாருதான் பொய் சொல்லுது."

"இல்லக்கா, நானு கண்ணால பாத்தேன்..."

"நீ கண்ணால பாத்த. நான் உள்ளாற பாத்துக்கினு சொல்றேன். மாட்டு."

மாட்டினான். ராபினிடம் நான் பொய் சொன்னது அதுதான் முதல் தடவை. கஷ்டமாகத்தான் இருந்தது. பிரின்சி என்று ஒரு பெண்ணோடு அவனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது, அன்றைக்கு அவனுக்குச் சீக்கிரம் போக வேண்டும். அதனால் மேற்கொண்டு மல்லுக்கட்டவில்லை. இன்றைக்கு உங்களிடம் வந்து சொன்னது அவன்தான் என்று தெரியும். நல்ல பையன், அவன்மேல் எனக்குக் கோபமில்லை.

லேப்டாப்பில் அந்தக் கோளாறை அழித்தேன். அழித்துவிட்டால் வண்டிக்குப் பழைய பலம் வந்துவிடும். ஆனால் அடைப்பு அடைப்பாகவே இருக்கிறதே. பாரத்தோடு கொஞ்ச தூரம் ஓடிச் சூடானதும் கம்ப்யூட்டர் மறுபடி கண்டுபிடிக்கும். கண்டுபிடித்தபின், வண்டி எப்போது நிற்கும் என்று காத்திருக்கும். அது முதலில் டீக்கடையில் நின்றால் என் வேலை வீண். டீக்கடையில் பலம் போனால் யாரும் சாவதில்லை.

அஸ்கர் அலி ஜன்னலுக்கு வந்தார். அவர் முகத்தில் களைப்பு இருந்தது.

"லாத்தா, இன்னிக்கு எறக்கலன்னா கான்ட்ராக்ட்டே பூடும். ஓடுமா, ஓடாதா? ஒரே வார்த்த சொல்லுங்க."

"ஓடும் மாப்ள. சென்சாரு பாடம் மறந்துபோச்சு, திரும்பக் கத்துக்கணும். அதுக்கு சூடு ஆறக்கூடாது. வழியில எங்கயும் நிக்காம போங்க. டீக்குக்கூட நிறுத்தாதீங்க."

"மஞ்ச லைட்டு திரும்பி வந்தா?"

"வரும். டேப்பு ஒட்டிக்கோங்க."

இங்கே எந்த லாரியில் ஏறிப் பார்த்தாலும் ஏதாவது ஒரு விளக்கின்மேல் கறுப்பு டேப் ஒட்டியிருக்கும் மேடம். எரிகிற விளக்கைப் பார்த்தால் டிரைவருக்கு மனசு அடித்துக்கொள்ளுமாம், அதனால் மூடிவிடுவார்கள். ஒட்ட வேண்டாம் என்று ஒவ்வொருவரிடமும் மன்றாடுகிறவள் நான். அதனால் நானே ஒட்டச் சொன்னதும் அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அல்லா உங்கள நல்லா வெக்கணும் லாத்தா. ஃபிர்தௌஸ் போன அப்புறம் நீங்க மூஞ்சி குடுத்துப் பேசறதே எனக்குப் பெருசு" என்றார். எனக்கு அந்தக் கம்பியைப் பிடுங்கி அவர் நெஞ்சில் இறக்க வேண்டும்போல இருந்தது. அவள் பெயரை அந்த வாய் சொன்னதுதான் பொறுக்கவில்லை. சரி, கிளம்புங்கள், வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேருங்கள் என்றேன்.

அப்போது கேபின் ஜன்னலில் அஃப்ஸானா தலை தெரிந்தது. ஆமாம் மேடம், தெரிந்தது. வண்டி என் ஜன்னலை உரசிக்கொண்டு நிற்கிறது, எப்படித் தெரியாமல் போகும்? நீங்கள் இதைத்தான் சுற்றிச் சுற்றிக் கேட்கிறீர்கள் என்று எனக்கும் தெரியும். அவள் பச்சைக் கவுன் போட்டிருந்தாள். வந்ததுமே பிஸ்கட் வாங்கித் தின்றுவிட்டுத்தான் போய் ஏறினாள்.

"புள்ளைய உட்டுட்டுப் போங்க மாப்ள, வெயிலா கீது" என்று கேட்டேன்.

"எங்க லாத்தா, கப்பல் பாக்கணும்னு காலையிலேர்ந்து குதிச்சிக்கினு கீறா. உட்டுட்டுப் போனா அழுது ஊரக் கூட்டிடுவா."

நான் ஒரு தடவை கேட்டேன். அது உங்கள் காகிதத்தில் இருக்க வேண்டும் செல்வியம்மா, எழுதிக்கொள்ளுங்கள். இரண்டாம் தடவை கேட்டிருந்தால் ஏன் என்று அவர் யோசித்திருப்பார். வயரைப் பிடுங்கச் சொல்லி ராபினிடம் சைகை காட்டினேன். அவள் எனக்குக் கையாட்டினாள். நானும் ஆட்டினேன். வண்டி போன பிறகு கைகால் கழுவி ஒளூ செய்துவிட்டு அஸர் தொழுகை தொழுதேன். கையேந்தி துஆ கேட்கும்போது மட்டும் எதைக் கேட்பது என்று கொஞ்ச நேரம் புரியவில்லை. பிள்ளைக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று கேட்டேன். இந்த ஒன்றில் நான் அல்லாவைத்தான் நம்பியிருந்தேன். அவன் பாதியைக் கொடுத்தான்.

மற்றது உங்களுக்குத் தெரியும். பாதிப் பலத்தில் அவ்வளவு பாரத்தோடு மேடேற முடியாமல் தண்டவாளத்தின்மேல் வண்டி நின்றுவிட்டது. கரி ரயில் வந்து கேபினைத் தட்டித் தள்ளிக்கொண்டு போனது. அஸ்கர் அலி அங்கேயே முடிந்தார். அஃப்ஸானா சரிவில் கிடந்தாள், இடது காலின்மேல் லோடிலிருந்து சரிந்த இரும்புக்கம்பிக் கட்டு. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். நான்தான் கையெழுத்துப் போட்டேன். அவருடைய உம்மாவுக்குக் கண் தெரியாது, காக்கா பேனாவை என்னிடம் நீட்டிவிட்டார். இப்போது பிள்ளை என்னிடம்தான் இருக்கிறாள். கொடுக்கமாட்டோம் என்று சொன்ன அதே பெரியவர்கள், நீதாம்மா பார்த்துக்கொள்ள வேண்டும் என்று என்னிடமே வந்து கேட்டார்கள்.

தெரிந்து செய்தேனா என்றால், தெரிந்துதான் செய்தேன். அடைப்பு இருப்பது தெரியும், எங்கே நிற்பார் என்பது தெரியும், நின்றபின் என்னவாகும் என்பதும் தெரியும். ஆனால் கொன்றது நானா? நீங்களே நியாயமாக யோசித்துப் பாருங்கள். ரயில் வருகிறதென்றால், வருகிறதை விட்டுவிட்டு அப்புறம் ஏற்ற வேண்டியதுதானே. பலம் குறைந்த வண்டியாக இருந்தாலும், காலித் தண்டவாளத்தில் மெதுவாக ஏறி இறங்கிப் போகட்டுமே. பெற்ற பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எந்தத் தகப்பனாவது ரயிலோடு பந்தயம் கட்டுவானா? பொறுமை இருந்திருந்தால் இன்றைக்கு உயிரோடு இருந்திருப்பார். பொறுமையில்லாத அந்தக் கையின் அடியைத்தான் என் தங்கை அத்தனை வருஷம் வாங்கிக்கொண்டிருந்தாள். நான் அவருக்கு ஒரு பரீட்சை வைத்தேன், அவர் தோற்றுப்போனார். இதுதான் நடந்தது.

மயக்கம் தெளிந்தபோது அஃப்ஸானா வேறு மாதிரி சொன்னாள். அதையும் சொல்லிவிடுகிறேன், நாளைக்கு மறைத்தேன் என்று வரக்கூடாது.

"வாப்பா நிறுத்துனாரு பெரிம்மா. எறங்கிப் போயி ரெண்டு பக்கமும் பாத்தாரு. ரயிலே இல்ல. நீ கூட வந்தா நானு ரேஸு உடமாட்டேன் கண்ணுன்னு சொன்னாரு. அப்பாலதான் ஏத்துனாரு. நடுவுல நின்னுபோச்சு. சாவிய திருப்பிக்கினே இருந்தாரு. ரயிலு சத்தம் கேட்டுச்சு. என்ன தூக்கி வெளிய போட்டாரு. அவரு வரல."

சின்னப் பிள்ளை, அவ்வளவு பெரிய அடி, மனசு எதையாவது கோத்துக்கொள்ளும். அப்படி ஒரு வாப்பா அவளுக்கு இருந்திருந்தால் என் தங்கை ஏன் வெந்து போகிறாள்? அந்த ஆள் ஃபிர்தௌஸைத் தூக்கி வெளியே போடவில்லையே. அதனால் பிள்ளைக்குத் தினமும் கஞ்சி ஊட்டும்போது, காலைத் துடைத்துவிடும்போது, பக்குவமாக எடுத்துச் சொன்னேன். ரயில் வந்துகொண்டுதான் இருந்தது கண்ணு, வாப்பாதான் ஜெயிக்கிறேன் பார் என்று ஏற்றினார், நீ பயத்தில் நீயே குதித்துவிட்டாய். முதலில் இல்லை இல்லை என்று தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். நான் கோபிக்கவில்லை, கை ஓங்கவில்லை. அவள் சரியாகச் சொல்லும்வரை ஸ்பூனைக் கையில் வைத்துக்கொண்டு பொறுமையாக உட்கார்ந்திருப்பேன். பசி வந்தால் எந்தப் பிள்ளைக்கும் புத்தி வரும். இப்போதெல்லாம் தடுமாறாமல் சொல்கிறாள்.

சந்தேகமிருந்தால் வீட்டுக்கு வந்து நீங்களே கேளுங்கள் மேடம். என் பிள்ளை பொய் சொல்லமாட்டாள்.